பிழையில்லாத நாற்பது பக்கம்

2003ஆம் வருடம் மே மாதத்தில் பதினைந்து நாட்கள் என் அப்பா பேங்க் மேனேஜராக இருந்தார். அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். வேலையோடு ஒரு காரும், ஊட்டியில் ஒரு வாரத் தங்கலும் சேர்த்துக் கொடுத்தேன். கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

அசலில் அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்ககிரி என்றால் லாரி, நாமக்கல் என்றால் முட்டை, திருச்செங்கோடு என்றால் ரிக். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஆந்திரா என்று எந்தக் காட்டில் போர் ஓடினாலும் அந்த வண்டியில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவராவது இருப்பார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அப்பா கிளம்பினால் எட்டு மாதம், ஒன்பது மாதம். அங்கே மழை பிடித்து நிலம் சேறானால்தான் வண்டி நிற்கும். வண்டி நின்றால்தான் வீட்டுக்கு வருவார். மற்ற பிள்ளைகளுக்கு மழை வந்தால் லீவு. எனக்கு மத்தியப் பிரதேசத்தில் மழை வந்தால் அப்பா.

பத்தாம் வகுப்பு வரை ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 500க்கு 468. அந்த மார்க்கைப் பார்த்து, பாதிக் கட்டணத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டது நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளி ஒன்று. அந்தக் காலத்தில் நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் கோழிப்பண்ணைக்கு அடுத்தபடி பள்ளிக்கூடம்தான் இங்கே பெரிய தொழில் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. பிராய்லர் பள்ளி என்று கிண்டல் செய்தவர்களே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டும் போனார்கள். காலை நான்கரைக்கு மணி அடிக்கும். இரவு பத்தரைக்கு விளக்கு அணையும். பதினொன்றாம் வகுப்புக்கு அப்போது பொதுத்தேர்வு கிடையாது, ஆகவே அந்த வகுப்பே எங்களுக்குக் கிடையாது. ப்ளஸ் ஒன் பாடப்புத்தகத்தை வாங்கினோம், அட்டை போட்டோம், பெயர் எழுதினோம். ஆகஸ்டிலேயே ப்ளஸ் டூ பாடம் தொடங்கிவிட்டது.

இங்கிலீஷ் அங்கே ஒரு பொருட்டே இல்லை. அப்போதைய இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 300இல் கணக்கு, இயற்பியல், வேதியியல், நுழைவுத் தேர்வு ஆகியவைதான். தமிழும் இங்கிலீஷும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் மாநில ரேங்க் வேறு கணக்கு. அது 1200க்கு, அதில் இங்கிலீஷுக்கு 200 இருந்தது. ரேங்க் வாங்குபவனின் முகம்தான் சேலம் ரோட்டில் போர்டாக நிற்கும். அதனால் கெட்டிக்காரர்கள் என்று கருதப்பட்ட முப்பது பேரைப் பொறுக்கியெடுத்து ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்று தனி வகுப்பு வைத்தார்கள். நானும் அதில் ஒருவன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவன் எப்படி அதற்குள் போனேன் என்றால், மனப்பாடத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

அந்த வகுப்பை எடுத்த மிஸ்ஸுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நிர்வாகம் அவரிடம் கேட்டது மார்க். அவர் எங்களிடம் கேட்டது வேறு ஏதோ. ஏப்ரல் கடைசியில், பதினைந்து நாள் லீவுக்கு எங்களை அனுப்பும்போது வேதியியல் சார் முந்நூறு சமன்பாடு கொடுத்தார், கணக்கு சார் பயிற்சிப் புத்தகம் ஒன்றையே கொடுத்தார். மிஸ் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். வீட்டில் நீ கண்ணால் பார்த்ததைத் தினமும் எழுத வேண்டும். தப்பும் தவறுமாக இருக்கலாம், பொய்யாக இருக்கக் கூடாது. நோட்டு நிரம்ப வேண்டும். அவ்வளவுதான் வீட்டுப்பாடம். கூடவே தன் அலமாரியிலிருந்து ஆளுக்கொரு கதைப் புத்தகமும் தந்தார். எனக்கு வந்தது 1935இல் வெளிவந்த ஆர்.கே. நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. அதை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். கோடை விடுமுறையில் மகனைப் பிடித்து உட்காரவைத்து மாம்பழக் கணக்குப் போடச் சொல்லும் அப்பா ஒருவர் அதில் வருகிறார். மாம்பழம் பழுத்ததா காயா என்று தெரியாமல் கணக்குப் போட முடியாமல் தவிக்கிறான் பையன். சேலத்து மாம்பழத்தைத் தின்றுகொண்டே படித்திருக்க வேண்டிய புத்தகம்.

வீட்டுக்கு வந்து முதல் நாள் நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். கண்ணால் பார்த்தது என்ன? வாசலில் குச்சிக்கிழங்குக் குச்சிக் கட்டு. தென்னங்கீற்றுச் சாளை. அம்மா அடுத்த வீட்டு விசைத்தறிக்குத் தார் போடப் போய்விட்டு வருவது. ஆயா தூங்குவது. இதையெல்லாம் இங்கிலீஷில் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதத் தகும் என்றும் தோன்றவில்லை. இங்கிலீஷ் என்றால் அதற்கென்று ஓர் ஊர், அதற்கென்று ஒரு வீடு, சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அதற்கென்று ஓர் அப்பா இருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் பொதுக்கட்டுரைப் புத்தகம் வாங்கினேன். அதில் எல்லாம் தயாராக இருந்தது. ‘நான் கழித்த விடுமுறை’, ‘மலை வாசஸ்தலம்’, ‘மலர்க் கண்காட்சி’, ‘என் குடும்பம்’. ‘என் குடும்பம்’ கட்டுரையில் அப்பா பேங்க் மேனேஜர். அதை மாற்ற நினைத்தேன் என்று சொன்னால் பொய். அந்த வேலை அவருக்குப் பொருந்துகிறது என்றுதான் நினைத்தேன். இரண்டே நாளில் முப்பது பக்கம் ஓடிவிட்டது. தாவரவியல் பூங்காவில் நாங்கள் நடந்தோம், ஏரியில் படகு விட்டோம். அப்பா தோடர்களைப் பற்றி எனக்கு விளக்கிச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை அப்பா வந்து நின்றார்.

மே மாதம் அவர் வரும் மாதமே இல்லை. போர் ஓட்டுவதற்கு அதுதான் உச்ச காலம். இடது கையில் பெரிய கட்டு. ராடு மாட்டும்போது இரண்டு விரல் நசுங்கிவிட்டதாம். நாக்பூரில் ரயிலேறி ஈரோட்டில் இறங்கி, பஸ் பிடித்து வந்திருந்தார். அம்மா அழுதாள். “வெரலு இருக்குது, வளைய மாட்டேங்குது. அதுக்கென்ன இப்ப?” என்றார். எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் கோடையில் அப்பா வீட்டிலிருந்தது அந்த ஒரு தடவைதான். நானோ வேதியியல் சமன்பாட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, இரவு கரண்ட் போய்விட்டது. எல்லோரும் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். சிம்னி வெளிச்சத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்ன கண்ணு எழுதற?”

“லீவு நோட்டுப்பா. இங்கிலீஷ் மிஸ் குடுத்தாங்க. வூட்டப் பத்தி எழுதோணும்.”

“வூட்டப் பத்தின்னா? என்னயப் பத்தியுமா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அப்பிடியா! எங்க, படி பாக்கலாம். நீயே தமிழ்ல சொல்லு.”

பத்தாம் பக்கத்தைத் திறந்தேன். மலர்க் கண்காட்சியில் எத்தனை வகை ரோஜா என்று எழுதியிருந்த பக்கம். அப்பா கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். ஆயா எழுந்து உட்கார்ந்தாள். அம்மா உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

என் கண் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் வேறு எதையோ சொல்லத் தொடங்கியது. எங்கப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ஒரு வண்டியல்ல, இரண்டு வண்டி. ஒன்றில் ரிக், ஒன்றில் கம்ப்ரஷர். காட்டுக்காரர் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிய இடத்தில் முதல் ராடை இறக்குவார்கள். ஒரு ராடு இருபது அடி. ஹேமர் அடிக்கிற அடியில் பக்கத்து வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும். முதலில் செம்மண் தூசி வரும்...

“செம்மண்ணு நம்மூர்ல. அங்கெல்லாம் கரிசக்காடு, கருப்பாத்தான் வரும்” என்று அப்பா திருத்தினார்.

கருப்புத் தூசி வரும். அப்புறம் பாறை வந்ததும் சாம்பல் நிறம். எங்கப்பா அந்தத் தூசியைக் கையில் பிடித்துப் பார்ப்பார். ஈரம் தட்டினால் இன்னும் நாற்பது அடி என்பார். சொன்ன மாதிரியே தண்ணீர் பீச்சி அடிக்கும்போது அந்த வீட்டுப் பொம்பளைகள் குலவை போடுவார்கள், குழந்தைகள் சேற்றில் ஆடும். ஒன்றுமில்லாமல் புகையாகப் போனால், ஆக்கி வைத்த சோற்றை யாரும் தொட மாட்டார்கள். வண்டி இரவோடிரவாகக் கிளம்பிவிடும். எங்கப்பா அன்றைக்கு யாரோடும் பேச மாட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வருடா வருடம் மழைக்காலத்தில் அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு எங்கோ தங்கியிருந்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டவும் மறக்கவில்லை. திறமையான திருடன்தான் நான்.

“இத்தனையும் இங்கிலீசுலயா எழுதியிருக்குது?” என்றாள் ஆயா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “யாரோடும் பேச மாட்டாருன்னு எழுதியிருக்கறானே, அது நெசந்தான்” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் உட்கார்ந்து அதை எழுதியிருக்கலாம். பத்துப் பக்கம் காலியாகத்தான் இருந்தது. எழுதவில்லை. அதற்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாதே என்பது என் சமாதானம். இருபது வருடம் கழித்துத்தான் உறைத்தது: ரிக், கம்ப்ரஷர், ஹேமர், பிட், ராடு, கேசிங் பைப், டிரில்லர். அப்பா வாயில் வந்ததில் பாதி இங்கிலீஷ்தான்.

பள்ளி திறந்து நோட்டைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. சிவப்பு மை எங்கும் இல்லை, ஏனென்றால் பிழை இல்லை. மார்க்கும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் ‘பேங்க் மேனேஜர்’ என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் மெல்லிய கோடு. சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்தக் கோட்டை அன்று மாலையே ரப்பரால் அழித்துவிட்டேன்.

ஜூலையில் ஒரு விசிட்டிங் ஞாயிறு. தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மைதானத்து வேப்ப மரத்தடியெல்லாம் குடும்பம் குடும்பமாக ஜமக்காளம். தூக்குப்போசி, பிரியாணி அண்டா, ரேங்க் கார்டைப் பார்த்து அங்கேயே முதுகில் அறை வாங்கும் பையன்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று, இரண்டு விரல் நேராகவே நின்றது. மழை முடிந்ததும் வண்டிக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மிஸ் அந்தப் பக்கமாக வந்தார். அப்பா எழுந்து கும்பிட்டார். அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

“டீச்சருங்க, லீவுல பையன் என்னயப் பத்தி நோட்டுல எழுதியிருந்தானுங்களே. படிச்சீங்களா? எப்பிடி இருந்துச்சுங்க?”

கையிலிருந்த சோற்றுருண்டை கையிலேயே நின்றது. மிஸ் அப்பாவைப் பார்த்தார். அவர் முகத்தை, வேட்டியை, வளையாத அந்த இரண்டு விரலை. பிறகு என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். இலையில் ஒரு எறும்பு ரசத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அது முழுச் சுற்றும் சுற்றி வரும்வரை மிஸ் ஒன்றும் பேசவில்லை.

“தண்ணி வர்றதுக்கு முன்னால தூசியக் கையில புடிச்சுப் பாப்பேன்னு எழுதியிருந்தானுங்க” என்றார் அப்பா, நினைவுபடுத்துகிறவர் போல.

“ஆமாங்க” என்றார் மிஸ். “ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இன்னொரு தடவை எழுதச் சொல்லியிருக்கேன்.”

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டிருப்பார் என்று குரலிலிருந்து தெரிந்தது. “அந்த நோட்டக் குடு கண்ணு, வண்டில வெச்சுக்கறேன்” என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். ரிக் வண்டியில் யாருக்கு இங்கிலீஷ் தெரியப் போகிறது என்ற ஒரே தைரியம்தான்.

மறுநாள் மிஸ் என்னைக் கூப்பிட்டுப் புது நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். திட்டவில்லை. “ஒரு பக்கம் போதும்” என்றார். சரிங்க மிஸ் என்றேன். அந்த வாரம் ரிவிஷன் டெஸ்ட், அடுத்த வாரம் யூனிட் டெஸ்ட். அவர் திரும்பக் கேட்கவே இல்லை. நோட்டு வேதியியலுக்குப் போயிற்று.

ப்ளஸ் டூவில் இங்கிலீஷில் 200க்கு 184. மாநில ரேங்கும் வரவில்லை, போர்டிலும் முகம் வரவில்லை. கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங். முதல் கம்பெனி இன்டர்வியூவில் உன் அப்பாவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல் என்றார்கள். நாக்கு நுனிக்கு வந்தது அந்தப் பேங்க் மேனேஜர்தான். அதை விழுங்கினேன், வேறு எதுவும் வரவில்லை. அந்த வேலை போயிற்று. இப்போது பெங்களூரில், நான் கண்ணால் பார்க்காத இயந்திரங்களுக்கு இங்கிலீஷில் கையேடு எழுதிச் சாப்பிடுகிறேன். பிழையில்லாமல் எழுதுவான் என்று ஆபீசில் நல்ல பெயர்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் நகையைத் திருப்பி வைக்க அப்பாவோடு பேங்குக்குப் போனேன். அப்பா வண்டியை விட்டுப் பத்து வருடமாகிறது. மேனேஜர் ஓர் இளம் பெண், வடக்கத்திக்காரர். தமிழ் தடுமாறியது. நான் இங்கிலீஷில் பேசத் தொடங்குவதற்குள் அப்பா இந்தியில் ஆரம்பித்துவிட்டார். முப்பது வருடம் காட்டுமேட்டில் பழகிய இந்தி, சரளமாகப் போயிற்று. அந்தப் பெண் முகம் மலர்ந்து ஏதோ கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“என்னப்பா சொன்னீங்க?”

“அவங்கூருப் பக்கமெல்லாம் போர் ஓட்டியிருக்கறேன்னு சொன்னேன்.” கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவை மூடினார். “அப்புறம், நானும் கொஞ்ச நாளு பேங்க் மேனேஜரா இருந்தவந்தான், ஊட்டிக்கெல்லாம் போயிருக்கறேன்னேன்.”

வெளியே வந்து டீக்கடையில் உட்காரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. அங்கே அப்பா சொன்னார்: மத்தியப் பிரதேசத்தில் பேதுல் பக்கம் ஒரு வாத்தியாரின் காடாம். எழுநூறு அடி தாண்டியும் புகை. ஹேமர் சரிசெய்யக் காத்திருந்த நேரத்தில், பையன் என்னைப் பற்றி எழுதியது என்று நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் படித்து இந்தியில் சொல்லியிருக்கிறார்.

“நீ மேனேஜரான்னு கேட்டாரு. ஆமாங்கன்னுட்டேன். வேற என்ன சொல்றது? எம்பையன் எழுதியிருக்கறான்.”

“அன்னைக்கு ராத்திரி நான் படிச்சது...”

“அது வேற நோட்டா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

டீ வந்தது. இரண்டு விரலும் நேராக நீட்டி நிற்க, மிச்ச விரல்களால் கிளாஸைப் பிடித்து ஊதிக் குடித்தார்.

“அந்தம்மா அப்பிடிச் சிரிச்சாங்களேப்பா. அவ்வளவுதான் சொன்னீங்களா?”

“அவ்வளவுதான்” என்றார்.

எனக்கு இந்தி தெரியாது. அவர் தமிழில் சொன்னதை நம்பிக்கொண்டு டீயைக் குடித்தேன்.